ஜப்பானிய இலக்கணம் படிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலையான என்5-க்குப் படிக்கும் இரண்டு மூன்று பேர், ட்யூட்டரிடம் கற்றதை என்னிடம் பேசிப் பார்ப்பது வழக்கம். நான் விழுந்த அதே குழிகளில் வரிசை மாறாமல் விழுகிறார்கள். அடிப்படை எழுத்தான ஹிரகானா தெரியாமல் வகுப்பில் உட்காருவது, வீட்டுப்பாடத்தை விடுவது எல்லாம் தவறு என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மற்றதைப் பார்ப்போம்.

ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். என் பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, ட்யூட்டரும் ஆங்கிலத்தில்தான் விளக்கினார். நானும் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் ஆங்கிலத்தில் யோசித்து, பிறகு ஜப்பானியத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் 'நேற்று வாங்கிய புத்தகம்' என்று சொல்ல வேண்டியிருந்தது. 'ஹொன்' என்று புத்தகத்தில் ஆரம்பித்தேன். அடுத்து, ஆங்கிலத்தில் வரும் 'விச்' என்ற இணைப்புச் சொல்லைத் தேடினேன். ஜப்பானியத்தில் அப்படி ஒன்று கிடையாது. 'எந்த' என்று பொருள்படும் 'தொனோ'வைப் பிடித்துச் செருகினேன். ட்யூட்டர் விழித்தார். மூன்று வாரம், மூன்று வகுப்பு, கட்டணம் கட்டி இதே இடத்தில் நின்றேன். கடைசியில் அவர் திரையில் எழுதிக் காட்டினார்: 'கினோ கத்தா ஹொன்'. நேற்று, வாங்கிய, புத்தகம். சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசை! அவருக்குத் தமிழ் தெரியாது, அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்குத் தெரியுமே!

இன்னொன்றும் இதிலேயே அடங்கியிருக்கிறது. தமிழில் 'நேற்று வாங்கினேன் புத்தகம்' என்று சொல்வதில்லை. அதுபோலத்தான் அங்கே 'கய்மஷ்தா' என்ற மரியாதை வடிவம் வராமல் 'கத்தா' என்ற சாதாரண வடிவம் வருகிறது. 'மஸ்' என்று முடியும் மரியாதை வடிவத்தோடு நின்றுவிட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

அப்புறம், வினைச்சொல்லோடு சேர்ந்து வரும் 'தெ மிரு'. 'முயற்சி செய்' என்று ஆங்கில விளக்கத்திலிருந்து குறித்து வைத்திருந்தேன். கதவைத் திறக்க முயன்றேன், முடியவில்லை என்று சொல்ல நினைத்து 'அகெதெ மிமஷ்தா' என்றேன். "உள்ளே என்ன இருந்தது?" என்று கேட்டார் ட்யூட்டர். நான் சொன்னது 'திறந்து பார்த்தேன்'! மிரு என்றால் பார். 'திறந்து பார்' என்று நாம் சொல்லும்போது உள்ள அதே பொருள்தான்.

இப்படி எத்தனையோ இருக்கின்றன. 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை. ஒகு என்பதே வை. 'நகுஷ்தெ ஷிமத்தா' என்றால் தொலைத்துவிட்டேன். அந்த 'விட்டேன்' தரும் வருத்தத்தை விளக்க ஆங்கிலப் புத்தகம் ஒரு பத்தி எழுதும். 'தொ ஒமொய்மஸ்' என்பது 'என்று நினைக்கிறேன்'. 'கிதெ இரு' என்றால் வந்திருக்கிறார். ஆங்கிலத்தின் 'இங்' பழக்கத்தில் அதை 'வந்துகொண்டிருக்கிறார்' என்று எடுத்துக்கொண்டு நான் விழித்ததும் உண்டு.

(தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வகுப்பில் நமக்கு வேலை மிச்சம்.)

எனவே குறிப்பேட்டில் ஒவ்வொரு இலக்கண வடிவத்துக்கும் பக்கத்தில் ஒரு தமிழ் வாக்கியம் எழுதுங்கள். ட்யூட்டருக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை.

வேற்றுமை உருபை அப்படியே ஒட்டுவது

மேலே சொன்னதை நம்பி இங்கேயும் தமிழைக் கொண்டுவந்தால் மாட்டிக்கொள்வீர்கள். வீட்டில் இருக்கிறேன், நூலகத்தில் படிக்கிறேன்: இரண்டுக்கும் நமக்கு 'இல்' போதும். ஜப்பானியத்தில் இருப்பதற்கு 'நி', செயலுக்கு 'தெ'. நண்பரைச் சந்திக்கிறேன் என்பதில் 'ஐ' இருக்கிறதே என்று அதற்கு இணையான 'ஒ' போடாதீர்கள், 'தொமொதாச்சி நி அய்மஸ்' என்பதுதான் சரி. ஆனால் பேருந்திலிருந்து இறங்குவதற்கு 'ஒ' வரும்: 'பஸு ஒ ஒரிமஸ்'. வினைச்சொல்லை அதன் உருபோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

'வகரிமஷ்தா'

புரியாமலே புரிந்தது என்று சொல்வது. அதற்குப் பதில் அந்த இலக்கணத்தில் உங்களைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். புரிந்ததா என்று ட்யூட்டருக்கே தெரிந்துவிடும்.

'சமுய் தெஷ்தா'

கிடையாது. 'குளிராக இருந்தது' என்றால் 'சமுகத்தா தெஸ்'.

தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பது

இங்கே வேறு வழியில்லாமல் எழுதியிருக்கிறேன், நீங்கள் எழுதாதீர்கள். க, த வரிசைகளில் ஜப்பானியம் பிரிக்கும் ஒலிகளை நம் எழுத்து பிரிக்காது. கேள்விக்கு வரும் 'கா'வும் எழுவாயோடு வரும் 'கா'வும் ஒலியில் வேறு, குறிப்பேட்டில் ஒன்றாகிவிடும்.

'வா'வையும் 'கா'வையும் முதல் மாதமே தீர்த்துவிட நினைப்பது

எழுவாயோடு இவற்றில் எது எங்கே வரும் என்ற குழப்பம் அவ்வளவு சீக்கிரம் தீராது. எனக்கு இன்னும் தீரவில்லை.