பெட்ரோலியத்துல இருந்து தாவர மூலப்பொருளுக்கு ஒரு துறை எவ்வளவு மாறிருக்குன்னு அளக்குறது எப்படி?

முதல்ல அந்தத் துறை ஒரு வருஷத்துல வாங்குன மூலப்பொருள் எல்லாத்தையும் டன் கணக்குல எழுதிக்கோங்க, எத்தனை புதுப் பொருள் வந்துச்சுன்னு எண்ணாதீங்க, அது ஏமாத்திடும். அப்புறம் அதுல எவ்வளவு செடில இருந்து வந்துச்சுன்னு பார்க்க கார்பன்-14 (கார்பனோட கதிரியக்க வகை) டெஸ்ட். செடில இருந்து வந்த கார்பன்ல அது இருக்கும், பெட்ரோலியத்துல இருக்காது, அதோட அரை ஆயுள் (பாதி சிதைய ஆகுற காலம்) சுமார் 5,730 வருஷம்தான், கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள கிடந்ததுல எல்லாம் சிதைஞ்சிருக்கும். ஏஎஸ்டிஎம் டி6866ங்கிற தரப்படுத்தின சோதனை முறை இதுக்குத்தான்.

பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலையே எடுங்க, அதைச் செய்யுற ரசாயனங்கள்ல ஒண்ணான கிளைக்கால் (glycol) மட்டும் கரும்புல இருந்து வந்தா எடையில சுமார் 30%னு சொல்வாங்க, ஆனா கார்பன் கணக்குல பார்த்தா 10 கார்பன் அணுவுல 2தான், அதாவது 20%. எடைக் கணக்கா, கார்பன் கணக்கா, எதைச் சொல்றீங்கன்னு கண்டிப்பா குறிச்சு வைங்க.

தாவரப் பங்கு ஏறுனா மட்டும் பத்தாதுங்க, உற்பத்தி பெருகுனா பெட்ரோலியமும் சேர்ந்தே ஏறலாம், பெட்ரோலியம் எத்தனை டன்னுங்கிறது குறையுதான்னு வருஷா வருஷம் பாருங்க.