அச்சிட்ட செயற்கைக் கையைக் கொடுக்கும் முன் இழுத்துப் பாருங்கள்

3டி பிரிண்டரில் செயற்கைக் கை அச்சிட்டுக் கொடுக்கும் ஈ-நேபிள் தன்னார்வலர்களின் ஃபீனிக்ஸ் கை போல, மணிக்கட்டை மடக்கினால் விரல் மூடும் வகைக்கான சோதனை இது. ஒரே அமைப்பில் இரண்டு அச்சிடுங்கள், ஒன்று உடைப்பதற்கு.

முன்கைப் பகுதியை சி-கிளாம்பால் மேசையோடு இறுக்கி, மணிக்கட்டை மடக்கிய நிலையில் பட்டையால் கட்டுங்கள். மூடிய நாலு விரலிலும் வாளியை மாட்டுங்கள். அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி அரை லிட்டர். எடைக்கல் தேவையில்லை, லிட்டருக்கு ஒரு கிலோ, வாளியின் எடை தனி. பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், கையை அச்சிட்ட பிஎல்ஏ பிளாஸ்டிக் சட்டென்று உடைந்து தெறிக்கும்.

வாளி நழுவும் எடையையும் உடையும் எடையையும் தனித்தனியே குறியுங்கள். சீக்கிரமே நழுவினால் பிளாஸ்டிக்கைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் விரலை இழுத்து மூடும் தூண்டில் நரம்பின் முடிச்சு வழுக்கியிருக்கும்.

உடைந்த இடத்தின் பரப்பு எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். அடுக்குக் கோட்டோடு வழவழவென்று பிரிந்திருந்தால் விரலை நிற்க வைத்து அச்சிட்டிருக்கிறீர்கள், அல்லது பிளாஸ்டிக்கை உருக்கி விடும் நாசில் முனையின் சூடு போதவில்லை. உள்நிரப்பை, அதாவது உள்ளே நிரப்பும் பிளாஸ்டிக்கின் அளவைக் கூட்டிப் பயனில்லை, படுக்க வைத்து அச்சிடுங்கள். அடுக்குகளுக்குக் குறுக்கே வெளிறிக் கிழிந்திருந்தால் வெளிச்சுவர்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம்.

இரண்டாவது கையை 500 முறை மூடித் திறந்து, நரம்பு போகும் துளைகளில் அறுப்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிஎல்ஏ சுமார் 60 டிகிரியில் இளகும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்க வேண்டாமென்று சொல்லிக் கொடுங்கள். வாளி தொங்கிய கையை யாருக்கும் மாட்டாதீர்கள்.