பத்தாவதுக்கு அப்புறம் சிஎன்சி, ரோபோ பக்கம் போக ஆசையா? ஐடிஐ சேருவதற்கு முன் இதைப் பாருங்கள்

ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) என்றாலே வைஸில் இரும்பைப் பிடித்து அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும் பையன்தான் இன்னும் நிறையப் பேர் நினைவுக்கு வருகிறான். தேய்ப்பது இப்போதும் உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் தமிழ்நாடு அரசு 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து ஏறக்குறைய 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் தொழில் 4.0 (கம்ப்யூட்டரும் ரோபோவும் சேர்ந்த நவீன உற்பத்தி) மையங்களாக மாற்ற ஆரம்பித்த பிறகு, சென்னையை அடுத்த ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் ஓடுகிற மாதிரி சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராம்படி உலோகத்தை வெட்டும்) இயந்திரங்களை அரசுச் செலவில் தொட்டுப் பழகும் வாய்ப்பு பத்தாவது படித்த பிள்ளைக்கு வந்திருக்கிறது. அங்கே இடம் வாங்குவது எப்படி, வாங்கினால் வீணாக்காமல் இருப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

விண்ணப்பம் பெரிய வேலை இல்லை. பத்தாவது ரிசல்ட் வரும் சமயத்தில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் திறப்பார்கள். மார்க், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஆதார் எல்லாம் தயாராக இருக்கட்டும். ஆண்களுக்கு 40 வயது வரை, பெண்களுக்கு உச்ச வயதே இல்லை, அதனால் குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகு சேரலாமா என்று யோசிக்கும் அக்காக்களும் தாராளமாகச் சேரலாம். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண், பையனாக இருந்தால் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். தனியார் ஐடிஐயிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் இருக்கின்றன, கலந்தாய்வில் அதையும் கேளுங்கள்.

சரி, எந்த டிரேடு, அதாவது எந்தத் தொழிற்பிரிவு? இங்கேதான் பலர் பெயரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். இந்த மையங்களில் அட்வான்ஸ்டு சிஎன்சி மெஷினிங், பேசிக் டிசைனர், எலக்ட்ரிக் வாகன மெக்கானிக் எல்லாம் இரண்டு வருடம். இண்டஸ்ட்ரியல் ரோபோட்டிக்ஸ், பிராசஸ் கண்ட்ரோல் ஆட்டோமேஷன் ஒரு வருடம். ரோபோ என்றதும் எல்லோரும் அதற்கு முண்டியடிப்பார்கள். என் கருத்து வேறு: வயரிங்கோ மெஷினோ எதுவுமே தெரியாமல் நேராகப் பத்தாவதிலிருந்து வருகிறவர் இரண்டு வருட சிஎன்சியை எடுங்கள், அது கிடைக்காவிட்டால் பழைய டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் எதுவானாலும் தப்பில்லை. ரோபோ தூக்கி வைக்கிற ஜாப் (மெஷினில் வெட்டிச் செய்கிற உலோகப் பொருள்) எப்படி உருவாகிறது என்று தெரியாதவர் ரோபோ பக்கத்தில் நின்று பட்டன் மட்டும்தான் அழுத்துவார். இன்னொரு காரணமும் இருக்கிறது. பத்தாவதுக்கு மேல் இரண்டு வருட ஐடிஐ முடித்து, பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ், ஆங்கிலம் இரண்டு தாள் மட்டும் எழுதித் தேறினால் அதைப் பிளஸ் டூவுக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடமும் சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் வருடத்துக்கும் வழி இருக்கிறது.

கலந்தாய்வுக்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி அந்த ஐடிஐக்கே போய்ப் பாருங்கள். முதல்வர் அறையில் உட்கார்ந்து பேசுவதைவிட ஒர்க் ஷாப்பில் பத்து நிமிஷம் நின்றால் போதும். மெஷினுக்குக் கீழே சிப்ஸ் (வெட்டிய உலோகச் சீவல்) விழுந்து கிடக்கிறதா, கூலன்ட் (வெட்டும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் திரவம்) வாடை வருகிறதா, ஓரமாக வெட்டுவதற்குக் கம்பி அடுக்கி வைத்திருக்கிறார்களா? அப்படியென்றால் மெஷின் ஓடுகிறது. திரையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளே இன்னும் உரிக்கவில்லை என்றால் அது திறப்பு விழாவுக்கு வாங்கிய மெஷின். சீனியர் பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன வாரம் நீ உன் கையால் எத்தனை ஜாப் போட்டாய்? ஒரு யூனிட்டில், அதாவது ஒரு பயிற்சிப் பிரிவில், 20, 24 பேர் இருப்பார்கள். எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க ஒருவர் மட்டும் ஓட்டுகிற இடமாக இருந்தால், வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக அதை எடுக்காதீர்கள். அந்த டிரேடுக்கு தேசிய அளவிலான தொழிற்பயிற்சி அங்கீகாரம் (என்சிவிடி என்று சொல்வார்கள்) இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஐடிஐக்கு இருந்தால் போதாது, அந்த டிரேடுக்கு இருக்க வேண்டும்.

உள்ளே போன பிறகு முதல் சில மாதம் அரமும் ஹேக்ஸாவும் (இரும்பு அறுக்கும் ரம்பம்) தான். கை வலிக்கும், எரிச்சல் வரும், சிஎன்சிக்கு வந்தவனை இதில் விட்டார்களே என்று தோன்றும். விடாதீர்கள். ஒரு பக்கம் எவ்வளவு தேய்த்தால் எவ்வளவு குறைகிறது என்று கை கற்றுக்கொள்வது அங்கேதான். கூடவே அளக்கும் கருவிகளைப் பழகுங்கள்: வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரை, மைக்ரோமீட்டரில் 0.01 வரை அளக்கலாம். இந்த இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் படிக்கத் தெரிய வேண்டும். ட்ராயிங் படிப்பதும் அப்படித்தான், டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்ற வரம்பு) புரியாமல் புரோகிராம் மட்டும் எழுதத் தெரிந்தவரை எந்தப் பட்டறையிலும் தனியாக விட மாட்டார்கள்.

புரோகிராமில் எனக்கு ஒரு சூடு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய ஃபானுக் கண்ட்ரோலில் (சிஎன்சி மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர்) டூலை, அதாவது வெட்டும் கருவியை, 50 மில்லிமீட்டர் மேலே தூக்க இசட்50 என்று அடித்தேன், புள்ளி வைக்கவில்லை. அந்த மாதிரி கண்ட்ரோல் புள்ளி இல்லாத எண்ணை மைக்ரானாகத்தான் எடுத்துக்கொள்ளும், அதாவது 0.05 மில்லிமீட்டர். டூல் ஜாப்பை ஒட்டியபடியே வேகமாகப் பக்கவாட்டில் ஓடி, ஜாப்பை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பில் மோதியது. எண்ட் மில் (அந்த டூல்) போனது, சாயங்காலம் வரை யாரும் என்னோடு பேசவில்லை. அதனால் புது புரோகிராமை முதலில் ஜாப்புக்கு மேலே காற்றில் ஓட்டிப் பாருங்கள், பிறகு சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக), ரேப்பிடை (வெட்டாமல் நகரும் வேகத்தை) குறைத்து, கையை ஃபீட் ஹோல்டு (ஓட்டத்தை நிறுத்தும் பட்டன்) மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

படிப்பு முடியும்போது கேம்பஸுக்கு வருகிறவர்கள் எல்லோரும் 'டிரெய்னி' என்றுதான் சொல்வார்கள். அதில் இரண்டு வகை. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவு செய்த தொழிற்பழகுநர் என்றால் ஒப்பந்தம் இருக்கும், உதவித்தொகை இருக்கும், கடைசியில் தேர்வு எழுதி தேசியச் சான்றிதழ் கிடைக்கும். இன்னொன்று ஏஜென்சி மூலம் எடுக்கிற காண்ட்ராக்ட் வேலை. பணம் கொஞ்சம் கூடத் தெரியலாம், ஆனால் வருஷம் முடிந்ததும் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. அப்ரண்டிஸ் ஒப்பந்தப் பதிவு எண் தருவீர்களா என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று விதியே இருக்கிறது.

இன்டர்வியூவில் பெரும்பாலும் ஒரு ட்ராயிங்கையோ, ஒரு துண்டுக் கம்பியையும் வெர்னியரையுமோ கையில் கொடுப்பார்கள். கொடுத்ததும் அவசரமாக அளக்காதீர்கள். முதலில் தாடைகளை மூடிப் பூஜ்ஜியம் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர் கவனிப்பது அதைத்தான்.