டிஎல்ஆர்4 ஆன்டிபாடி: சிக்னல் குறைஞ்சா ரிசெப்டர் உள்ள போயிடுச்சுன்னு எழுதிடாதீங்க

போன வாரம் லேப்ல புதுசா சேர்ந்த பொண்ணு ஃப்ளோ சைட்டோமெட்ரி டேட்டாவை (ஆன்டிபாடி ஒட்டின செல்லோட சிக்னலை அளக்கறது) எடுத்துட்டு முகமெல்லாம் சிரிப்பா வந்தா. "அக்கா, எல்பிஎஸ் போட்டு அரை மணி நேரத்துல டிஎல்ஆர்4 மொத்தமும் உள்ள போயிடுது பாருங்க." டிஎல்ஆர்4ங்கறது செல் மேல இருக்கற ரிசெப்டர், பாக்டீரியா சுவர்ல இருக்கற எல்பிஎஸ்ஸை உணர்றது அதுதான். எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா இதே ஹிஸ்டோகிராமை பிரின்ட் எடுத்துட்டு நாலு வருஷம் முன்னாடி நானும் கைட் ரூமுக்கு ஓடியிருக்கேன். ஐஸ்ல வைங்க, டைட்ரேட் பண்ணுங்க, எஃப்சி பிளாக் போடுங்கங்கறதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடறேன்.

குளோன் எதைப் பிடிக்குதுன்னு பார்க்காம வாங்குறது

எலி செல்லுக்கு நிறைய பேர் வாங்குறது எம்டிஎஸ்510ங்கற குளோன் (ஒரே இடத்தை மட்டும் பிடிக்கற ஆன்டிபாடி வகை). இது டிஎல்ஆர்4-ஐ மட்டும் தனியா பிடிக்காது, எம்டி-2ங்கற துணை புரோட்டீன் கூட சேர்ந்து இருக்கற டிஎல்ஆர்4-ஐத்தான் பிடிக்கும், அதுவும் எல்பிஎஸ் வந்து ஒட்டாத வரைக்கும்தான். எல்பிஎஸ் ஒட்டின உடனே ரெண்டு ரிசெப்டர் ஜோடி சேர்ந்துடும் (அந்த ஜோடியோட கிரிஸ்டல் ஸ்ட்ரக்சர் 2009லயே வந்தாச்சு), அப்புறம் இந்த ஆன்டிபாடி ஒட்ட வேண்டிய இடம் அதுக்குக் கிடைக்காது. ரிசெப்டர் செல் மேலயே உக்காந்திருக்கும், உங்க கண்ணுக்குத்தான் தெரியாது.

எனக்கு இது தெரியல. போன் மேரோல இருந்து ஏழு நாள் வளர்த்த மேக்ரோஃபேஜ், 100 நானோகிராம் எல்பிஎஸ், 15 நிமிஷத்துலயே பீக் இடது பக்கம் சாய்ஞ்சிடுச்சு. ரிசெப்டர் செல்லுக்குள்ள போறதுதான் (எண்டோசைட்டோசிஸ்)னு முடிவு பண்ணி போஸ்டர் வரைக்கும் போட்டேன். அப்புறம் டைனாசோர்ங்கற (dynasore) மருந்து போட்டு உள்ள போறதை நிறுத்திப் பார்த்தா, அப்பவும் சிக்னல் அதே மாதிரி விழுது. அப்பவாவது ஆன்டிபாடி மேல சந்தேகம் வந்திருக்கணும். நான் டைனாசோர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு புதுசு வாங்கி, டோஸ் மாத்தி, திரும்பத் திரும்ப எலி எடுத்து நாலு மாசத்தை விட்டேன். அந்த எலிகளை நினைச்சா இப்பவும் மனசு ஆறல.

கடைசியில எஸ்ஏ15-21ங்கற குளோனை பக்கத்துல வச்சு ஓட்டினேன். எல்பிஎஸ் ஒட்டினாலும் ஒட்டாட்டியும் செல் மேல இருக்கற டிஎல்ஆர்4-ஐ இது பிடிக்கும். 15 நிமிஷத்துல கிட்டத்தட்ட அப்படியே இருந்துச்சு, 60, 90 நிமிஷத்துலதான் மெல்ல மெல்ல இறங்குச்சு. எம்டிஎஸ்510 விழறது ஜோடி சேர்றதைக் காட்டுது, எஸ்ஏ15-21 இறங்குறது உள்ள போறதைக் காட்டுது. ரெண்டுமே உண்மையான டேட்டாதான், ரெண்டும் வேற வேற கேள்விக்குப் பதில். ஒண்ணை மட்டும் வச்சுகிட்டு இன்னொண்ணோட பதிலை எழுதினதுதான் நான் பண்ணின தப்பு.

எம்டி-2 இல்லாத பாசிடிவ் கண்ட்ரோல்

ஹெக்293ங்கற மனுஷ செல் லைன்ல டிஎல்ஆர்4 மட்டும் போட்டு எம்டி-2 போடலைன்னா எம்டிஎஸ்510 ஒட்டாது. ஆன்டிபாடியை குறை சொல்லி மெயில் போடாதீங்க.

சி3எச்/ஹெச்இஜே எலியை நெகடிவ் கண்ட்ரோலா வைக்கறது

இந்த எலி எல்பிஎஸ்ஸுக்கு அசையாது, அதனால டிஎல்ஆர்4 இல்லைன்னு நிறைய பேர் நினைச்சுடறாங்க. புரோட்டீன் இருக்கு! 712வது இடத்துல புரோலின் ஹிஸ்டிடினா மாறினதுதான் கோளாறு, 1998ல பாய்ட்லர் குரூப் கண்டுபிடிச்சது அதைத்தான், 2011 நோபல் வரைக்கும் கொண்டு போன வேலை அது. அந்த மாற்றம் செல்லுக்கு உள்ள இருக்கற பாகத்துல, ஆன்டிபாடி ஒட்டறது வெளிய இருக்கற பாகத்துல, அதனால ஸ்டெயினிங் வரத்தான் செய்யும். ஜீனே இல்லாத நாக்அவுட் எலி, இல்லைன்னா அந்த ஜீன் விழுந்துபோன சி57பிஎல்/10 எஸ்சிஎன்ஜே (C57BL/10ScNJ), இது ரெண்டுல ஒண்ணை எடுங்க.

அசைடு இருக்கற வயலை (குப்பியை) பிளாக்கிங்குக்கு எடுக்கறது

அசைடுங்கறது ஆன்டிபாடி கெடாம இருக்கப் போடற விஷம். அதுல செல் செத்தா சைட்டோகைன் (செல் வெளிய விடற சிக்னல் புரோட்டீன்) குறையத்தான் செய்யும், அது பிளாக்கிங் (ஆன்டிபாடியால ரிசெப்டரை அடைக்கறது) இல்ல.

எண்டோடாக்சின் (எல்பிஎஸ்தான்) இருக்கான்னு பார்க்காத ஆன்டிபாடி

எல்பிஎஸ் ரிசெப்டரை அடைக்கப் போறீங்க, அந்த வயலுக்குள்ளயே எல்பிஎஸ் இருந்தா? ஐசோடைப் கண்ட்ரோல் (டிஎல்ஆர்4-ஐப் பிடிக்காத அதே வகை ஆன்டிபாடி) வயலையும் சேர்த்து டெஸ்ட் பண்ணுங்க. எல்பிஎஸ் இல்லாம வெறும் ஆன்டிபாடி மட்டும் போட்ட ஒரு வெல் (பிளேட்ல இருக்கற குழி) ஒவ்வொரு பிளேட்லயும் இருக்கணும், அதுல டிஎன்எஃப்ங்கற சைட்டோகைன் ஏறினா அந்த பிளேட்டை அப்படியே தூக்கிப் போட்டுடுங்க.