இயேசுவைப் போல நடக்கப் பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

வீட்டுக் கூட்டம் நடத்தப் புதிதாக வரும் தம்பி தங்கைகளோடு வருடாவருடம் உட்காருகிறேன். "இயேசுவாக இருந்தால் என்ன செய்திருப்பார்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் பதிலைச் சுவிசேஷத்தில் தேடாமல் பாதி வசனத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் ஆட்கள் அன்று சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். பொய் சொல்லாதே, ஆராதனைக்குப் பிந்தி வராதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

அடிபட்டவரிடம் மறு கன்னத்தைப் பற்றிப் பேசுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு கூட்டத்துக்கு ஒரு அக்கா சித்திரை வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றார். கூட்டம் நடத்திய தம்பி, ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டு என்கிற மத்தேயு 5:39-ஐ எடுத்து வாசித்து, "ஆண்டவரே பொறுத்துக்கொண்டாரே அக்கா" என்றான். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அப்புறம் சில வாரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது கையில் மாவுக்கட்டு. "நீங்க சொன்ன மாதிரி பொறுத்துக்கிட்டேன் தம்பி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சரி, ஆண்டவர் உண்மையில் என்ன செய்தார்? யோவான் 18-ஐ வாசியுங்கள். அவரைப் பிடித்துக் கொண்டுபோய் விசாரிக்கையில், ஆசாரியனான அன்னாவின் முன்னால் ஒரு சேவகன் அவரை அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். யோவான் 8-இல் அவர்மேல் எறியக் கல்லெடுத்தபோது மறைந்து தேவாலயத்தை விட்டுப் போய்விட்டார். தம்முடைய வேளை வருமுன் அடிவாங்குவதற்காக அவர் எங்கும் நின்றுகொண்டிருக்கவில்லை.

வையப்படும்போது பதில்வையாமல் இருந்தார் என்று 1 பேதுரு 2:23-ஐ யாராவது எடுத்துக்காட்டுவார்கள். உண்மைதான், அந்தச் சேவகனையும் அவர் வையவில்லை. நியாயம் கேட்பது வைவதாகாது.

"பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்பது சிலுவையில் தொங்கியவரே சொன்னது. கீழே நின்றவர்கள் யாரும் அவரை அப்படிச் சொல்லச் சொல்லி நெருக்கவில்லை. அந்த அக்காவின் வீட்டுக்காரரையோ ஒருவரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை! வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்ற பிறகுதானே "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார் ஆண்டவர்?

ஆகவே யாராவது இப்படிச் சொன்னால் வேதத்தைத் திறக்குமுன் கேளுங்கள்: இன்று ராத்திரி எங்கே தங்குவீர்கள், பிள்ளைகள் எங்கே? கூட ஒரு அக்காவை அனுப்புங்கள். பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கொடுங்கள். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, அதைச் சொல்வது அவிசுவாசம் ஆகாது. ஜெபமும் பண்ணுங்கள்.

கோபத்துக்குச் சவுக்கைச் சாட்சியாக இழுப்பது

தேவாலயத்தில் சவுக்கை எடுத்துக் காசுக்காரரின் பலகையைக் கவிழ்த்தவர், சாப்பாடு தாமதமானதற்காக எதையும் கவிழ்க்கவில்லை.

ஊழியம் என்று வீட்டை விடுவது

ஊரில் உள்ள நோயாளிகளையெல்லாம் போய்ப் பார்க்கிறவருடைய அம்மாவுக்கு மூட்டுவலி மாத்திரை தீர்ந்து நாளாகியிருக்கும். கொர்பான், அதாவது இது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை மாற்கு 7-இல் அவர் கண்டித்தார். சிலுவையில் இருந்தபடியே தாயைச் சீஷனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

தூங்காமல் ஓடுவது

இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு 1:35-ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மாற்கு 4:38-இல் புயலுக்கு நடுவே தலையணை வைத்துத் தூங்கினார். அதை யாரும் பின்பற்றக் காணோம்.

உதவியைப் படம் பிடிப்பது

வேண்டாம். அரிசிப் பையை வாங்குகிறவருக்கும் அதே தெருவில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களும் உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்ப்பார்கள்.