எந்த டோர்னமென்டில் சேருவது? மேஜிக் அரீனாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு சாயங்காலம், மேஜிக் அரீனா என்ற ஆன்லைன் கார்டு ஆட்டத்தில், பல நாள் சேர்த்த 10,000 கோல்டை (ஆட்டத்துக்குள் செல்லும் பணம்) கட்டி பிரீமியர் டிராஃப்டில் உட்கார்ந்தேன். டிராஃப்ட் என்றால், சுற்றி வரும் கார்டுகளில் முறைவைத்து ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றை வைத்தே ஆடும் டோர்னமென்ட். ஐந்தாவது கார்டை எடுக்கும்போது மோடம் அணைந்தது. போனிலும் டவர் இல்லை. நான் திரும்பி வருவதற்குள் என் முறை வந்த கார்டுகளை எல்லாம் ஆட்டமே எடுத்துவைத்திருந்தது. கார்டுகளின் நிறங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை, ஒழுங்காக ஆட வழியில்லை. அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

சித்தி மகன் இப்போதுதான் ஆட ஆரம்பித்திருக்கிறான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: கையில் இருப்பதைப் பாருங்கள். தினமும் கொடுக்கப்படும் ஒரு வேலையை முடித்தால் 500 அல்லது 750 கோல்ட் வரும். சேரும் கட்டணம், குவிக் டிராஃப்ட் என்ற வகைக்கு 5,000 கோல்ட் அல்லது 750 ஜெம் (ஆட்டத்தின் இன்னொரு பணம்). பிரீமியருக்கு அதில் இரண்டு மடங்கு. காசு போட்டு ஜெம் வாங்குவதை முதல் சில மாதம் தள்ளிப்போடுங்கள்.

படி 2: தோற்றால் எவ்வளவு போகும் என்று கணக்குப் போடுங்கள். எல்லாரும் 7 வெற்றிக்கு என்ன பரிசு என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். இரண்டு டிராஃப்டிலும் 7 வெற்றி அல்லது 3 தோல்வி, எது முதலில் வருகிறதோ அதோடு ஆட்டம் முடியும். பாதிக்குப் பாதி ஜெயிக்கும் ஒருவர் 7 வெற்றியை எட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 9தான். இரண்டு வெற்றியோ அதற்குக் குறைவாகவோ எடுத்து வெளியேறும் வாய்ப்பு சரியாகப் பாதி. இரண்டு வெற்றிக்கு பிரீமியரில் 250 ஜெம் திரும்பும், குவிக்கில் 200. கட்டியது 1,500, 750 என்று வைத்துக் கழித்துப் பாருங்கள்: ஒன்றில் 1,250 போகிறது, மற்றதில் 550. புதியவருக்கு எது தாங்கும் என்பது இதிலேயே தெரிந்துவிடும். எடுத்த கார்டுகள் இரண்டிலுமே உங்களுக்குத்தான்.

படி 3: கரண்டையும் நேரத்தையும் பாருங்கள். நம் மலைக்கு இதுதான் முக்கியம். பிரீமியரில் கார்டு எடுக்கும்போது சுற்றி இருப்பவர்கள் நிஜ ஆட்கள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், உங்களுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். குவிக்கில் அப்போது சுற்றி இருப்பவை பாட்கள், அதாவது ஆளுக்குப் பதிலாகக் கார்டு எடுக்கும் கணினி நிரல்கள். நடுவில் எழுந்து அடுப்பில் இருக்கும் பாலை இறக்கிவிட்டு வரலாம், கரண்ட் போனால் மறுநாள்கூட விட்ட இடத்திலிருந்து கார்டு எடுக்கலாம். ஒவ்வொரு கார்டையும் நிதானமாகப் படித்துக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மேட்ச் தொடங்கிவிட்டால் எதிராளி நிஜ ஆள்தான். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் அடுத்த மேட்சைத் தொடங்காதீர்கள். எடுத்த வெற்றிகள் அப்படியே இருக்கும், காலையில் தொடரலாம். ஒரு மேட்சுக்கு மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயிக்க வேண்டிய டிராஃப்டுகளை நல்ல வெயில் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேட்சே முக்கால் மணி நேரம் இழுக்கலாம்.

படி 4: சொந்த டெக்கோடு (நாமே முன்கூட்டிச் சேர்த்துவைத்த கார்டுக் கட்டு) ஆடும் டோர்னமென்டுகளுக்கு அவசரப்பட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் டெக்கை வைத்துச் சாதாரண மேட்சுகளில் பாதியாவது ஜெயிக்க ஆரம்பித்த பிறகு போங்கள்.

படி 5: சேரும் பட்டனை அழுத்தும் முன் அதே திரையில் கட்டணம், பரிசு, முடியும் தேதி மூன்றையும் படியுங்கள். முடிய இரண்டு நாள்தான் இருக்கிறது, வெளியே மழையும் கொட்டுகிறது என்றால் அந்த முறை விட்டுவிடுங்கள். கோல்ட் எங்கேயும் போகாது, அடுத்த டிராஃப்டுக்கு ஆகும்.