குடியகல்வுச் சட்டத்தைத் திருத்தக் கோரி ஊர் சார்பில் மனு எழுதும் முறை

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்தில் ஒருவர் "பயணம் போயிருக்கிறார்" என்றால், அவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருக்கிறார் என்று கேட்பவர் தாமாகவே புரிந்துகொள்வார். அவரைக் காக்க வேண்டிய குடியகல்வுச் சட்டம், அதாவது வேலைக்காக வெளிநாடு செல்வதை ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983-இல் இயற்றப்பட்டது. அதை முழுமையாகத் திருத்தக் கோரும் ஊரார் மனுவை எப்படி அமைக்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுப்பதுதான் நமக்குப் பழக்கம். ஆனால் குடியகல்வு, அரசமைப்புச் சட்டத்தில் ஒன்றிய அரசுக்குரிய பொருள்களைச் சொல்லும் ஒன்றியப் பட்டியலின் 19-ஆவது இனத்தில் வருவதால், சட்டத்தை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு. ஆகவே மனு வெளியுறவு அமைச்சகத்துக்கும் தொகுதியின் மக்களவை உறுப்பினருக்கும் செல்ல வேண்டும்.

"அரசு ஆவன செய்ய வேண்டும்" என்று முடியும் மனுவைப் படிப்பவர் எதையும் செய்ய வேண்டியதில்லை. எந்த விதியில் என்ன குறை, அதற்கு ஈடாக எது வேண்டும் என்று எழுத வேண்டும். நம் பகுதிக்கு மிகவும் பொருந்தும் குறை, சட்டம் யாரைப் பாதுகாக்கிறது என்பதில் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போதுதான் குடியகல்வு அனுமதி பெற வேண்டும். 10 லட்சம் ரூபாய்க் காப்பீடும் அவருக்கே கட்டாயம். பத்தாம் வகுப்புத் தேறிய மன்னார்குடிப் பையன் குவைத்தில் அதே சாரத்தில் ஏறி, அதே வெயிலில் நின்றாலும் இந்தக் கட்டாயத்துக்கு வெளியே நிற்கிறான். நம்மவர் பெருமளவில் செல்லும் சிங்கப்பூரோ அந்த 18 நாடுகளில் இல்லவே இல்லை. மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமல் செய்யும் வேலையைப் பார்த்துப் பாதுகாப்பு தர வேண்டும் என்பதே மனுவின் முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

அடுத்தது பணம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான சரக்கு மற்றும் சேவை வரியும் மட்டுமே வாங்கலாம். சட்டத்தை மீறுவோருக்கு 24-ஆம் பிரிவு இரண்டாண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பத்துக்கு அந்த அபராதத் தொகை கேலியாகவே தோன்றும். ஊருக்குள் ஆள் பிடிக்கும் துணை முகவருக்குப் பதிவும் கிடையாது, அவர் ரசீதும் தருவதில்லை. அவரையும் பொறுப்பாக்கும் விதியைக் கேளுங்கள். அதே வேளையில், ஏமாந்தவரோ அவருடைய பெற்றோர், மனைவி, உடன்பிறந்தோரோ ஒன்றிய அரசின் முன் அனுமதியின்றி நீதிமன்றத்தில் புகார் தர 27-ஆம் பிரிவு இடம் தருகிறது. புதிய சட்டத்தில் இந்த உரிமை விடுபடக் கூடாது என்றும் எழுதுங்கள். அமைச்சகமே 2021-இல் புதிய வரைவு மசோதாவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது என்பதைக் குறிப்பிட்டால், மாற்றம் தேவையா என்ற வாதத்துக்கே இடமிருக்காது.

சான்றாக, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எவ்வளவு கொடுத்தார்கள், என்ன வேலை என்று சொல்லப்பட்டது, அங்கே என்ன வேலை கிடைத்தது, விசா எந்த வகை. கடவுச்சீட்டு எண்களை மனுவில் சேர்க்க வேண்டாம்.

கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றினால் மனுவுக்கு எடை கூடும். மே 1 கூட்டம் வசதியானது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து குறுவை வேலை தொடங்கிவிட்டால் ஆட்களைக் கூட்டுவது கடினம். தீர்மான நகலை ஊராட்சிச் செயலரிடம் கையொப்பத்துடன் பெறுங்கள்.

மக்களவைக்கே மனு அளிப்பதானால், தமிழ் மனுவுடன் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பை மனுதாரர் கையொப்பத்துடன் இணைக்க வேண்டும். உறுப்பினர் ஒருவரின் மேலொப்பமும் தேவை. அமைச்சகத்துக்கான பிரதியை விரைவுத் தபாலில் ஒப்புகை வசதியுடன் அனுப்பி, அந்த ஒப்புகையைத் தீர்மான நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.